கனடாவின் சின்னப் பல்கலைக்கழகத்தில் வார்சிட்டி அணியில் சேர ஒரு வழிகாட்டி: ஆகஸ்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கனடாவில் படிக்கப் போகிறீர்கள். ஊரில் பள்ளி அணியிலோ மாவட்ட அணியிலோ ஆடியிருக்கிறீர்கள். அங்கே போனதும் ராக்கெட்டையும் ஷூவையும் மூட்டை கட்டி வைக்க மனமில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அட்லாண்டிக் கரைப் பக்கம் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தின் பாட்மிண்டன் அணியில் ஆடியவன் நான். ஆட்டத்தைவிட அதற்கு முந்தைய காகித வேலைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. எதை யாரிடம் எப்போது கேட்பது என்று வரிசையாகச் சொல்லித்தர ஆளில்லை. அந்த வரிசைதான் கீழே இருப்பது.

வார்சிட்டி என்றால் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு மற்றப் பல்கலைக்கழகங்களோடு மோதும் அதிகாரபூர்வ அணி. அதற்கு அடுத்த நிலையில் கிளப் அணிகள். அதற்கும் கீழே, பணம் கட்டிப் பெயர் கொடுத்தால் யாரும் ஆடலாம் என்கிற இன்ட்ராமூரல். மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இங்கே பேசப்போவது முதலாவதைப் பற்றி மட்டும்.

பெரிய பல்கலைக்கழகங்களில் அழைப்பே இல்லாமல் போய் வார்சிட்டி அணியில் இடம் பிடிப்பது குதிரைக்கொம்பு. மவுண்ட் அலிசன், அகேடியா, செயின்ட் பிரான்சிஸ் சேவியர், பிஷப்ஸ், கேப் பிரெட்டன், நிபிசிங், பிராண்டன் போன்ற சிறிய இடங்களில் நிலைமை வேறு. நீங்கள் அனுப்பும் ஈமெயிலைக் கோச்சே படிப்பார். பல விளையாட்டுகளில் நேரில் வந்து ஆடிக்காட்டுகிறவருக்கு ஓரிரண்டு இடம் கிடைக்கவும் செய்யும். திறமை குறைந்து வெளியே நிற்பவர்களைவிட, தேதி தவறி வெளியே நிற்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

1. உங்கள் ஆட்டம் அங்கே இருக்கிறதா, எந்த லீகில் இருக்கிறது?

கனடாவில் இரண்டு தேசிய அமைப்புகள். ஒன்று யூ ஸ்போர்ட்ஸ். பல்கலைக்கழகங்களுக்கானது, அதன் கீழே அட்லாண்டிக், கியூபெக், ஒன்டாரியோ, மேற்குக் கனடா என நான்கு வட்டார லீகுகள். இன்னொன்று சி.சி.ஏ.ஏ. பெரும்பாலும் கல்லூரிகள் ஆடுவது. ஆனால் சின்னப் பல்கலைக்கழகங்களும் அதில் உண்டு.

இங்கேதான் முதல் பொறி. ஒரே பல்கலைக்கழகத்தின் எல்லா அணிகளும் ஒரே லீகில் ஆடும் என்று நினைத்துவிடாதீர்கள். நியூ பிரன்சுவிக்கின் சாக்வில் ஊரில் இருக்கும் மவுண்ட் அலிசனைப் பாருங்கள். அதன் அமெரிக்கன் ஃபுட்பால் பாணி அணி, கால்பந்து, நீச்சல், பெண்கள் ஐஸ் ஹாக்கி ஆகியவை யூ ஸ்போர்ட்ஸ் பக்கம். கூடைப்பந்து, பெண்கள் வாலிபால், பாட்மிண்டன், கிராஸ் கன்ட்ரி ஓட்டம் ஆகியவை சி.சி.ஏ.ஏ.வின் அட்லாண்டிக் பிரிவில். அந்தப் பிரிவில் மோதுபவர்கள் ஹாலந்து காலேஜ், செயின்ட் தாமஸ், கிராண்டால், கிங்ஸ் காலேஜ் போன்றவர்கள். லீக் மாறினால் தகுதி விதியும் உதவித்தொகை விதியும் மாறும். ஆகவே நண்பர் ஒருவர் சொன்ன விதியை உங்கள் ஆட்டத்துக்குப் பொருத்தும் முன், அவர் எந்த லீகில் ஆடினார் என்று கேளுங்கள்.

நம்மவர்கள் அதிகம் கேட்கும் ஆட்டங்களைப் பற்றி ஒரு வரி. கிரிக்கெட் யூ ஸ்போர்ட்ஸில் இல்லை, கபடியும் இல்லை. இருந்தால் கிளப் அளவில்தான். பாட்மிண்டனுக்கு யூ ஸ்போர்ட்ஸ் தேசியப் போட்டி கிடையாது. சி.சி.ஏ.ஏ.வில் உண்டு, ஒன்டாரியோ பல்கலைக்கழக லீகிலும் உண்டு. வாலிபால், கூடைப்பந்து, கால்பந்து ஆகியவை இரண்டு அமைப்பிலும் இருக்கின்றன. ஹாக்கி என்றால் அங்கே ஐஸ் ஹாக்கி. நம் ஊர் ஹாக்கி ஆடியவர்கள் ஃபீல்டு ஹாக்கி என்று தேட வேண்டும், அதிலும் யூ ஸ்போர்ட்ஸ் தேசியப் போட்டி பெண்களுக்கு மட்டுமே.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: உங்களுக்கு இடம் கிடைத்திருப்பது எந்த வளாகத்தில்? அல்கோமா பல்கலைக்கழகத்தின் தாய் வளாகம் சூ செயின்ட் மேரியில். அதன் பிராம்டன் வளாகம் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தள்ளி. இப்படிப் பல ஊர்களில் வளாகம் வைத்திருக்கும் இடங்களில், நீங்கள் சேரும் அணி எந்த ஊரில் பயிற்சி செய்கிறது என்று கேட்டுவிட்டு ஃபீஸ் கட்டுங்கள். பயிற்சிக்கு வாரம் நான்கைந்து நாள் போக வேண்டும்.

2. கோச்சுக்கு நீங்களே எழுதுங்கள்

சேர விரும்பும் செப்டம்பருக்கு ஓராண்டு முன்பே எழுதுவது நல்லது. வெளிநாட்டிலிருந்து வருபவர் என்றால் அதற்குப் பிந்தினால் விசா வேலை இடிக்கும். கோச்சின் பெயரும் ஈமெயிலும் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைப் பக்கத்தில் இருக்கும். சில அணிகளுக்கு அங்கேயே நிரப்ப ஒரு படிவமும் உண்டு. அதையும் நிரப்புங்கள், ஈமெயிலும் அனுப்புங்கள்.

என்ன எழுத வேண்டும்? பெயர், பிறந்த ஆண்டு, உயரம், ஆடும் இடம் (பாட்மிண்டன் என்றால் சிங்கிள்ஸா டபுள்ஸா), பள்ளி முடிக்கும் ஆண்டு, பிளஸ் டூ அல்லது ஏ லெவல் மதிப்பெண், படிக்க விரும்பும் பாடம், குடியுரிமை நிலை, வீடியோ லிங்க். அவ்வளவுதான். பத்து வரிக்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள். "பெருமதிப்பிற்குரிய ஐயா" பாணி வேண்டாம். கோச் என்று போட்டுக் குடும்பப் பெயரைச் சேர்த்தால் போதும். நேரில் பார்க்கும்போது அணியே அவரைப் பெயர் சொல்லியோ வெறும் கோச் என்றோதான் கூப்பிடும். நமக்கு நாக்கு கூசும், பழகிவிடும்.

அப்பாவோ மாமாவோ உங்கள் சார்பாக எழுதக் கூடாது. பிள்ளைக்காகப் பேசுவது நம் வீட்டு வழக்கம். அங்கே அது "பையனுக்கு ஆர்வமில்லை, வீட்டில் தள்ளிவிடுகிறார்கள்" என்று படிக்கப்படும். ஏஜென்ட் எழுதினால் இன்னும் மோசம்.

வீடியோவுக்கு வீடியோகிராபர் தேவையில்லை. கோர்ட்டின் பின்பக்கம் உயரமான இடத்தில் போனை நிறுத்தி எடுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு நல்ல ஆட்டத் துண்டுகள் ஒரு லிங்கில், வெட்டாத முழு ஆட்டம் ஒன்று இன்னொரு லிங்கில். வெட்டாத ஆட்டத்தைத்தான் கோச்சுகள் பெரிதும் பார்க்கிறார்கள். பாயின்ட் போன பிறகு நீங்கள் எப்படி நிற்கிறீர்கள், எவ்வளவு சீக்கிரம் நடுவுக்கு வருகிறீர்கள் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். எந்தச் சட்டை நீங்கள் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஹீரோ அறிமுகக் காட்சி மாதிரிப் பின்னணி இசை போடாதீர்கள், சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள்.

சின்ன இடங்களில் கோச் பலருக்கு அது பகுதிநேர வேலை. பகலில் பள்ளி ஆசிரியராகவோ அலுவலக ஊழியராகவோ இருப்பார். ஆகவே பதில் தாமதமாகும். இரண்டு வாரம் பொறுத்து நினைவூட்டலாம். சீசன் நடுவில் அதற்கும் மேல் ஆகலாம்.

பதில் வந்ததும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்: அடுத்த ஆண்டு என் இடத்தில் எத்தனை பேர் படிப்பை முடித்துப் போகிறார்கள்? டிரைஅவுட் (அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு) எந்தத் தேதியில்? அணிக்கு நான் கட்ட வேண்டிய பணம் எவ்வளவு? அமெரிக்கப் பயணம் உண்டா? கடைசிக் கேள்வி ஏன் என்பது ஒன்பதாம் படியில்.

3. ஸ்காலர்ஷிப் பேச்சை நம்பி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள்

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் முழு ஸ்காலர்ஷிப்" என்று யாராவது ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கனடாவில் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று ஒன்று கிடையாது. அட்மிஷன் மதிப்பெண்ணை வைத்து. கோச்சால் உங்கள் விண்ணப்பத்தைப் பற்றி அட்மிஷன் ஆபீசில் ஒரு வார்த்தை சொல்ல முடியும், அவ்வளவே.

யூ ஸ்போர்ட்ஸ் அணிகளில் விளையாட்டு உதவித்தொகை உண்டு. அதன் உச்சவரம்பு கல்விக் கட்டணமும் கட்டாயக் கட்டணங்களும். தங்குமிடமும் சாப்பாடும் அதில் சேராது. முதலாண்டில் வாங்க, நுழையும்போது 80 சதவீத மதிப்பெண் வேண்டும். பிறகு தொடர்ந்து வாங்க 65 சதவீதம். ஒன்டாரியோ லீகில் விதி இன்னும் கடுமை. உச்சவரம்பு அவ்வளவு என்பதால் எல்லோருக்கும் அவ்வளவு கிடைக்கும் என்று அர்த்தமில்லை. சிறிய பல்கலைக்கழகத்தில் ஒரு அணிக்கு ஒதுக்கிய சிறு தொகையைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். வெளிநாட்டு மாணவர் கட்டணத்தின் முன்னால் அது ஒரு மூலைக்குத்தான் காணும்.

படிப்புக்கான நுழைவு உதவித்தொகை இதிலிருந்து தனி. நல்ல மதிப்பெண் இருந்தால் அதில் கிடைக்கும் தொகை விளையாட்டுத் தொகையைவிடப் பெரிதாக இருக்கும். ஆகவே கோச்சிடம் பேரம் பேசும் நேரத்தில் மதிப்பெண்ணை உயர்த்துங்கள் என்பதே என் கருத்து. எந்தத் தொகையைச் சொன்னாலும் எழுத்தில் வாங்குங்கள்: எந்த ஆண்டுக்கு, காயம்பட்டால் நிற்குமா, அணியிலிருந்து விலகினால் திருப்பித் தர வேண்டுமா?

செலவுப் பக்கம்: விளையாட்டுக் கட்டணம் என்று ஒன்று எல்லா மாணவரிடமும் ஃபீஸோடு வாங்கிவிடுவார்கள். அதற்கு மேல் அணிக் கட்டணம். சில அணிகளில் அது இல்லவே இல்லை, சிலவற்றில் சில நூறு டாலர், சிலவற்றில் ஆயிரம் தாண்டும். போட்டிச் சட்டை கொடுப்பார்கள், சீசன் முடிந்ததும் திருப்பி வாங்குவார்கள். பயிற்சி உடை, ஷூ, ராக்கெட் உங்கள் பொறுப்பு. உள்ளரங்க ஷூவையும் ராக்கெட் நரம்பையும் ஊரிலேயே வாங்கி வாருங்கள். தரையில் கறை பதிக்காத அடிப்பாகமா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் ஜிம்மில் விட மாட்டார்கள்.

4. சேர்க்கையும் ஸ்டடி பெர்மிட்டும்

வகுப்பு செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்கும். அணி அதற்கு முன்பே தொடங்கிவிடும். கால்பந்து முகாம் ஆகஸ்ட் நடுவிலேயே. கிராஸ் கன்ட்ரி, ரக்பி ஆகியவையும் ஆகஸ்ட் கடைசிக்குள். கூடைப்பந்து, வாலிபால் டிரைஅவுட் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. பாட்மிண்டன் கொஞ்சம் தாராளம். இலையுதிர் காலத்தில் தேர்ந்தெடுத்து மார்ச் வரை ஆடுவார்கள். விசா தாமதமாகும் என்று தோன்றினால் உள்ளரங்க ஆட்டக்காரர்களுக்கு இன்னும் வழியுண்டு. கால்பந்து ஆடுபவர் செப்டம்பர் 10-ஆம் தேதி வந்து இறங்கினால் அந்த ஆண்டு பார்வையாளர்தான்.

எனவே கணக்கு ஆகஸ்டிலிருந்து பின்னோக்கி. முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரில் விண்ணப்பம். ஜனவரி, பிப்ரவரியில் அட்மிஷன் கடிதம் கைக்கு வர வேண்டும். வந்ததும் டெபாசிட் கட்டி, மாகாண அத்தாட்சிக் கடிதம் வாங்குங்கள். இளங்கலைக்கு வருபவர்களுக்கு 2024 ஜனவரி முதல் இது கட்டாயம். பல்கலைக்கழகம்தான் மாகாணத்திடமிருந்து பெற்றுத் தரும். கியூபெக் என்றால் அந்த மாகாணத்தின் சொந்த ஏற்புச் சான்று. ஏப்ரலுக்குள் ஸ்டடி பெர்மிட் விண்ணப்பம் போய்விட வேண்டும். முன்பு இந்தியர்களுக்கு வேகமாக முடித்துத் தந்த நேரடித் திட்டம் 2024 நவம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஸ்டடி பெர்மிட் கட்டணம் 150 கனடா டாலர், கைரேகைப் பதிவுக்கு 85. கியூபெக் தவிர்த்த மாகாணங்களில் கல்விக் கட்டணமும் விமானச் செலவும் போக, ஒருவர் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 22,895 டாலர் காட்ட வேண்டும். இது 2025 செப்டம்பர் 1 முதல் உள்ள தொகை. இந்தியா, இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் உடல் பரிசோதனையும் உண்டு. அதை முன்கூட்டியே முடித்து ரசீதைச் சேர்த்து அனுப்பினால் சில வாரம் மிச்சமாகும்.

விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதத்தில் விளையாட்டைப் பற்றி ஒரு பத்தி போதும். முழுக் கடிதமும் ஆட்டத்தைப் பற்றியே இருந்தால் படிக்கத்தான் வருகிறாரா என்று அதிகாரிக்குச் சந்தேகம் வரும். கோச் கடிதம் கொடுத்தால் இணைப்பாக வையுங்கள்.

விடுதி அறை செப்டம்பர் தொடக்கத்தில்தான் திறக்கும். முகாமுக்கு ஆகஸ்டில் வருகிறவர்கள் சீக்கிரம் நுழைய விடுதி ஆபீசில் தனியாகக் கேட்க வேண்டும். கோச் பட்டியல் கொடுத்தால்தான் அனுமதி. ஒரு இரவுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் போடுவார்கள், உணவுக்கூடமும் முழுதாகத் திறந்திருக்காது. டிக்கெட் போடும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

5. தகுதிப் படிவம்: எதையும் மறைக்காதீர்கள்

ஆட ஒவ்வொருவருக்கும் ஐந்து ஆண்டுத் தகுதி. லீக் போட்டியில் ஒரே ஒரு நிமிடம் இறங்கினாலும் ஓராண்டு கழிந்துவிடும். நட்பு ஆட்டங்கள் கணக்கில் வராது. அதனால் சீசன் நடுவில் "சும்மா ஒரு ஆட்டம் இறங்கிப் பார்" என்று சொன்னால், அதற்காக ஓராண்டைக் கொடுக்கலாமா என்று யோசியுங்கள். முதலாண்டில் பயிற்சி மட்டும் செய்து தகுதியைச் சேமிப்பதும் வழக்கமே. அதற்கு ரெட்ஷர்ட் என்று பெயர்.

முதுகலைக்கு வருபவர்களும் ஆடலாம். ஊரில் கல்லூரி அணியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிகளில் ஆடியிருந்தால் ஆண்டு வாரியாக எல்லாவற்றையும் படிவத்தில் எழுதுங்கள். எது கழியும் எது கழியாது என்பதை விளையாட்டுத் துறையும் லீகும் முடிவு செய்யட்டும். பணம் வாங்கி ஆடிய கிளப் ஆட்டமும் அப்படியே. தகுதியில்லாதவர் ஒருவர் ஆடினார் என்று பின்னால் தெரிந்தால் அணி ஜெயித்த ஆட்டங்களே பறிபோகும். இணையத்தில் உங்கள் பழைய ஸ்கோர் கிடக்கும். எதிரணி தேடிப் பார்க்கும்.

ஒரு பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ ஆடிவிட்டு இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள், ஆட்டத்தையும் லீகையும் பொறுத்து ஓராண்டு வெளியே உட்கார வேண்டியிருக்கலாம். மாறுவதற்கு முன்பே புதிய இடத்தின் தகுதி அலுவலரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

தேவைப்படும் காகிதங்கள்: எல்லா மதிப்பெண் பட்டியல்களும், பள்ளி முடித்த தேதி உள்ள சான்று, முன்பு படித்த கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்ட் (சீலிட்ட உறையில் இரண்டு பிரதி), ஸ்டடி பெர்மிட், பாஸ்போர்ட். ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவது எவ்வளவு அலைச்சல் என்று சொல்லத் தேவையில்லை. விமானம் ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள்.

6. உடல் பரிசோதனையும் இன்ஷூரன்சும்

அணியில் சேர டாக்டர் கையெழுத்திட்ட உடற்தகுதிப் படிவம் கேட்பார்கள். கனடாவில் இந்தப் பரிசோதனை மாகாண மருத்துவக் காப்பீட்டில் வராது, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். சின்ன ஊரில் டாக்டர் நேரம் கிடைப்பதும் கஷ்டம். படிவத்தை ஈமெயிலில் முன்பே வாங்கி, ஊர் டாக்டர் ஆங்கிலத்தில் நிரப்பினால் ஏற்பீர்களா என்று கேளுங்கள். ஏற்பார்கள் என்றால் பெரிய வேலை முடிந்தது. பழைய காயம், மூட்டு ஆபரேஷன் இருந்தால் அதன் ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாம் கொண்டு வாருங்கள்.

தலையில் அடிபடுவதை அங்கே மிகவும் கறாராகப் பார்க்கிறார்கள். ஒன்டாரியோவில் ரோவன் சட்டம் என்று ஒன்றே உண்டு. ரக்பி ஆட்டத்தில் அடுத்தடுத்து தலையில் அடிபட்டு 2013-இல் இறந்த 17 வயது ரோவன் ஸ்டிரிங்கரின் பெயரால் வந்தது. அதன்படி ஒவ்வொரு ஆண்டும் விழிப்புணர்வுப் பாடத்தைப் படித்தேன் என்று ஒப்புதல் தர வேண்டும். மற்ற மாகாணங்களிலும் சீசனுக்கு முன் நினைவாற்றல், சமநிலைச் சோதனை செய்து பதிந்து வைக்கும் அணிகள் உண்டு. அதில் வேண்டுமென்றே குறைவாகச் செய்து வைக்கலாம் என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள். உங்கள் மூளை, உங்கள் இஷ்டம் என்று விடக்கூடிய விஷயமில்லை, செய்யாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. நியூ பிரன்சுவிக்கில் முழுநேர வெளிநாட்டு மாணவருக்கு மாகாண மருத்துவக் காப்பீடு உண்டு, ஆனால் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். நோவா ஸ்கோஷியாவில் வந்து 13-ஆம் மாதத்தில்தான் தகுதி. அதற்குள் 31 நாளுக்கு மேல் மாகாணத்தை விட்டு வெளியே இருந்தால் சிக்கல். கோடை விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் கவனிக்கவும். ஒன்டாரியோவில் பல்கலைக்கழகமே யுஹிப் என்ற திட்டத்தில் சேர்த்துக் கட்டணம் பிடிக்கும். எந்த மாகாணமானாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: போட்டி விளையாட்டில் ஏற்படும் காயம் சேருமா? பிசியோதெரபிக்கு எவ்வளவு? பல் உடைந்தால்? ஆம்புலன்சுக்கும் பில் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அணியின் தெரபிஸ்ட் இலவசம், முடிந்தவரை அவரிடமே போங்கள்.

7. ஊரிலிருந்து கொண்டுவரும் மாத்திரை டப்பா

நம்மவர்கள் மாட்டிக்கொள்ள மிகவும் வாய்ப்புள்ள இடம் இது. வார்சிட்டி ஆட்டக்காரர் யாரை வேண்டுமானாலும் கனடாவின் ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்பு சோதிக்கலாம். சீசன் தொடங்கும் முன் அவர்களுடைய இணையப் பாடத்தை முடித்தே ஆக வேண்டும்.

சளி, உடம்பு வலி, அலர்ஜி என்று போனால் நம் ஊர் கிளினிக்குகளில் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் மாத்திரைகளில் பிரெட்னிசோலோனும் பீட்டாமெத்தசோனும் இருப்பது உண்டு. இவை ஸ்டீராய்டு வகை. வாய்வழியாகவோ ஊசியாகவோ எடுத்தால் போட்டிக் காலத்தில் தடை. சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபிட்ரினுக்கும் அளவு வரம்பு உண்டு. ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் குறிப்பிட்ட அளவுக்குள் பரவாயில்லை. குளோபல் டி.ஆர்.ஓ. என்ற தளத்தில் மருந்தைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் இந்திய, இலங்கை பிராண்டுப் பெயர்கள் அதில் கிடைக்காது. அட்டையின் பின்னால் இருக்கும் மூலப்பொருள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். நாடு கேட்கும் இடத்தில் கனடாவைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

லேகியம், சூரணம், உடம்பு தேற்றும் பவுடர், ஜிம்மில் விற்கும் புரோட்டீன் டப்பா எல்லாவற்றிலும் பிரச்சினை ஒன்றே: உள்ளே என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாது. பாட்டி கொடுத்தது என்று சொன்னால் தண்டனை குறையாது. கஞ்சா கனடாவில் சட்டப்படி விற்கிறார்கள், ஆனாலும் போட்டிக் காலத்தில் அது தடைப் பட்டியலில்தான் இருக்கிறது. தொடர்ந்து எடுத்தே ஆக வேண்டிய மருந்து என்றால் மருத்துவ விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு நோய் கண்டறிந்த ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வேண்டும்.

8. டிரைஅவுட்

ஓரிரு நாள் முதல் ஒரு வாரம் வரை நடக்கும். தகுதிப் படிவமும் மருத்துவப் படிவமும் முடிக்காதவரை கோர்ட்டில் இறங்க விடமாட்டார்கள். மூச்சு வாங்கும் ஓட்டச் சோதனை நிச்சயம் இருக்கும். விமானக் களைப்போடு அதற்கு நிற்காதீர்கள், நான்கைந்து நாள் முன்பே வந்துவிடுங்கள். பேசி ஆடுங்கள். கோர்ட்டில் வாய் திறந்து கூப்பிடுவதை அங்கே மிகவும் மதிக்கிறார்கள். நம் பிள்ளைகள் பலர் அமைதியாக நன்றாக ஆடிவிட்டு வீட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

எடுக்கவில்லை என்றால் பயிற்சி வீரராக இருக்கலாமா என்று கேளுங்கள். காயங்களால் ஜனவரியில் இடம் காலியாவது சகஜம். ஸ்கோர் எழுதுவது, புள்ளிவிவரம் எடுப்பது, வீடியோ பிடிப்பது போன்ற வேலைகளுக்கும் மாணவர்களை எடுக்கிறார்கள், சிலவற்றுக்குச் சம்பளம் உண்டு. கோச் உங்களைத் தினமும் பார்ப்பார்.

9. பஸ், பார்டர், பனி

சின்னப் பல்கலைக்கழகங்கள் பஸ்ஸில்தான் போகும். சாக்வில்லிலிருந்து கேப் பிரெட்டனின் சிட்னிக்கு நான்கைந்து மணி நேரம். தண்டர் பே ஊரின் லேக்ஹெட் பல்கலைக்கழக அணிகளுக்கு டொரண்டோ ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர், அங்கே விமானம். பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்குப் போகும் கான்ஃபெடரேஷன் பாலம் 12.9 கிலோமீட்டர் நீளம். காற்று பலமாக அடித்தால் பஸ் மாதிரி உயரமான வண்டிகளை விடமாட்டார்கள். பனிப்புயலில் ஞாயிறு இரவு திரும்ப வேண்டிய பஸ் திங்கள் வந்து சேரும். திங்கள் காலை பரீட்சை இருந்தால் முன்பே பேராசிரியரிடம் சொல்லி வையுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் முதல் பயணத்துக்கு முன்பே மேனேஜரிடம் சொல்லாவிட்டால் வழியெல்லாம் சிப்ஸ்தான்.

பெரிய பொறி அமெரிக்க எல்லை. பல அணிகள் நட்பு ஆட்டத்துக்கு அமெரிக்கா போகும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் அமெரிக்க விசா வேண்டும், விண்ணப்பக் கட்டணம் 185 அமெரிக்க டாலர். கனடாவில் நிரந்தரக் குடியுரிமை அட்டை வைத்திருந்தாலும் பாஸ்போர்ட் நம் ஊருடையது என்றால் விசா தேவை. "பி.ஆர். இருக்கிறதே, பரவாயில்லை" என்று வீட்டில் சொல்லுவார்கள், நம்ப வேண்டாம். நேர்காணல் தேதிக்குப் பல மாதம் ஆகலாம். அதனால் இரண்டாம் படியில் சொன்ன கேள்வியை முதலிலேயே கேட்டுவிட்டு, பயணம் உண்டென்றால் வந்திறங்கிய வாரமே விண்ணப்பியுங்கள். திரும்பி வர, ஸ்டடி பெர்மிட் செல்லுபடியாகும்வரை, அமெரிக்காவுக்கு மட்டும் போய்வந்தால், கனடா விசா காலாவதியாகியிருந்தாலும் நுழையலாம். பெர்மிட் அசலைக் கையில் வைத்திருங்கள், போட்டோ காப்பி போதாது.

10. பாடமும் பார்ட் டைம் வேலையும்

யூ ஸ்போர்ட்ஸில் ஆட, அந்தப் பருவத்தில் குறைந்தது மூன்று பாடம் எடுத்திருக்க வேண்டும். கஷ்டமாக இருக்கிறதென்று ஒரு பாடத்தைக் கைவிட்டு இரண்டுக்கு இறங்கினால் அன்றே தகுதி போகும். ஸ்டடி பெர்மிட்டின் முழுநேரப் படிப்பு நிபந்தனையும் உடைபடும். பாடத்தை விடும் முன் விளையாட்டுத் துறையையும் வெளிநாட்டு மாணவர் ஆபீசையும் கேளுங்கள்.

வேலையைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வேலை செய்யச் சட்டம் விடுகிறது. வார்சிட்டி ஆட்டக்காரருக்கு அது நடக்காது. கடைகள் ஆள் கேட்பது சனி, ஞாயிறுக்கு. உங்கள் போட்டிகளும் சனி, ஞாயிறில்தான். வார நாள் மாலையில் பயிற்சி. ஊரில் வாங்கிய கடனை அங்கே சம்பாதித்து அடைக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் முதலாண்டில் இன்ட்ராமூரல் ஆடுவதே நல்லது என்பேன். வளாகத்துக்குள் வேலைக்கு அந்த மணிநேர வரம்பு இல்லை. நூலகம், ஜிம் முன்மேசை போன்றவை அணிக் கால அட்டவணைக்கு ஒத்துவரும். அதற்கு சமூகக் காப்பீட்டு எண் முதலில் வாங்குங்கள், இலவசம்தான்.

புதியவர்களை வரவேற்கிறோம் என்று சீனியர்கள் குடி விருந்து வைப்பது சில அணிகளில் இன்னும் உண்டு. பல்கலைக்கழகங்கள் அதைத் தடை செய்திருக்கின்றன. குடிக்கச் சட்ட வயது அட்லாண்டிக் மாகாணங்களிலும் ஒன்டாரியோவிலும் 19. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்காக அணியிலிருந்து நீக்க முடியாது.

11. சீசன் முடிந்த பிறகு

அடுத்த ஆண்டும் ஆட, யூ ஸ்போர்ட்ஸ் விதிப்படி முந்தைய கல்வியாண்டில் 18 கிரெடிட், அதாவது வழக்கமான ஆறு பாடங்கள், தேறியிருக்க வேண்டும். ஏப்ரல் ரிசல்ட்டில் குறைந்தால் கோடையில் ஒரு பாடம் எடுத்துச் சரிக்கட்டப் பாருங்கள். ரிசல்ட் வந்த வாரமே கணக்குப் போட்டால்தான் கோடைப் பதிவுக்கு நேரம் இருக்கும். சராசரி 80 சதவீதம் தாண்டினால் அகாடமிக் ஆல் கனடியன் என்ற அங்கீகாரம் கிடைக்கும், மேற்படிப்பு விண்ணப்பத்தில் போட்டுக்கொள்ளலாம்.

உதவித்தொகை வாங்கியிருந்தால் பிப்ரவரி கடைசியில் டி4ஏ என்ற வரிச் சீட்டு வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தகுதியுள்ள முழுநேர மாணவருக்கு அந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை. ஆனாலும் ஏப்ரல் 30-க்குள் வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். கூடவே ஸ்டடி பெர்மிட்டும் பாஸ்போர்ட்டும் காலாவதியாகும் தேதியைப் பாருங்கள். அடுத்த ஆகஸ்டுக்குள் எது முடிகிறதோ அதன் புதுப்பிப்பை மே மாதமே அனுப்புங்கள்.